பாதியில் நின்ற கட்டடத்தைப் பூட்டிக் ஹோட்டலாக்குவது எப்படி: புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தூண்களின் உச்சியில் துருவேறிய கம்பிகள் வானத்தைப் பார்த்து நீண்டிருக்கும். ஜன்னல் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஓட்டை. இரண்டாம் மாடியில் யாரும் நடாத மரக்கன்று ஒன்று தளிர்விட்டிருக்கும். அப்படி ஒரு கட்டடத்தைக் கடந்துபோகும்போது ‘இதை வாங்கி அழகான சின்ன ஹோட்டலாக்கினால் என்ன?’ என்று ஒரு முறையாவது நினைத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் விற்பவர் “எழுபது சதவீத வேலை முடிந்துவிட்டது” என்று சொல்லும்போது மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். முடிந்திருப்பது காங்கிரீட் கூடு. ஒரு ஹோட்டலின் மொத்தச் செலவில் அந்தக் கூடு பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மின்சாரம், குழாய், குளிர்சாதனம், லிஃப்ட், ஜன்னல், தரை, மரவேலை, மெத்தை எல்லாம் இனிமேல்தான்.

பூட்டிக் (boutique) ஹோட்டல், அதாவது தனக்கென்று ஒரு தோற்றத்தோடு வடிவமைத்த சின்ன ஹோட்டல், அதற்கு நின்றுபோன கட்டடம் பொருந்துமா என்றால், பொருந்தும். 1978இல் லண்டனில் அனுஷ்கா ஹெம்பல் தொடங்கிய பிளேக்ஸ், 1984இல் நியூயார்க்கில் இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும் திறந்த மார்கன்ஸ் ஆகிய இரண்டையும் பூட்டிக் ஹோட்டல்களின் முன்னோடிகள் என்பார்கள். இரண்டுமே ஏற்கெனவே இருந்த கட்டடங்களைத் திருத்தி அமைத்தவை. ஒரே அச்சில் வார்த்த முந்நூறு அறைகள் பெரிய சங்கிலி ஹோட்டல்களுக்கு வேண்டும். இருபது முப்பது அறை ஹோட்டலில் கோணலான மூலை அறையும் எதிர்பாராத இடத்தில் நிற்கும் தூணும் அழகாக மாறலாம். மாறும் என்று முன்கூட்டியே முடிவுகட்டாமல், கீழே சொல்லும் வரிசையில் போங்கள்.

முதல் படி: ஏன் நின்றது என்று கண்டுபிடியுங்கள்

நான் கட்டுமான மேற்பார்வையில் இருப்பவன். கட்டடம் நிற்பதற்கு என் அனுபவத்தில் நான்கு காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: பணம் தீர்ந்தது, பங்குதாரர்கள் பிரிந்தார்கள், அனுமதியில் சிக்கல் வந்தது, கட்டுமானத்திலேயே கோளாறு இருந்தது. முதல் மூன்றையும் பணமும் பொறுமையும் இருந்தால் தீர்த்துவிடலாம். நான்காவது கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. விற்பவரோ எப்போதும் முதல் காரணத்தைத்தான் சொல்வார். பொருளாதாரம் மோசமாக இருந்தது என்று சொல்வதில் யாருக்கும் மானம் போவதில்லை.

லாஸ் வேகாஸ் நகரின் இரண்டு கட்டடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபோன்டன்புளூ என்ற ஹோட்டல் 2007இல் தொடங்கி 2009இல் பணமின்றி நின்றது. பல கைகள் மாறி 2023 டிசம்பரில் திறந்தது. காலம் போனதே தவிர, கூடு நிலைத்தது. ஹார்மன் என்ற இன்னொரு கட்டடம் பூட்டிக் ஹோட்டலும் குடியிருப்பும் சேர்ந்த திட்டமாகவே வரையப்பட்டது. 2008இல் அதில் கம்பி கட்டிய முறையில் தவறுகள் தெரியவந்தன. உயரத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து வெளிக்கண்ணாடியும் மாட்டினார்கள். தெருவிலிருந்து பார்த்தவர்களுக்கு முடிந்த கட்டடமாகவே தெரிந்தது. ஒரு விருந்தினர்கூடத் தங்காமலே 2014–15இல் அதை மாடி மாடியாகப் பிரித்தெடுத்தார்கள்.

உண்மைக் காரணம் அலுவலகத்தில் கிடைக்காது. காவலாளி, பழைய மேஸ்திரி, சிமென்ட் கொடுத்தவர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோரிடம் பேசுங்கள். “கடைசியாகக் காங்கிரீட் போட்டது எந்த இடத்தில், எப்போது?” என்ற ஒரு கேள்வி போதும், மீதிக் கதை தானாக வரும். நான் அப்படிக் கேட்ட ஓர் இடத்தில், “மூன்றாம் மாடியில் பாதித் தளம் போட்டபோது கலவை வண்டி வரவில்லை, சம்பளமும் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டுப் போனோம்” என்றார் ஒரு பெரியவர். திட்டமிட்ட இணைப்பு இல்லாமல் நடுவில் அறுந்த அந்தத் தளத்தை வரைபடம் முழுமையாகக் காட்டியது. கடைசியில் அந்தப் பகுதியை உடைத்துத்தான் போட வேண்டியிருந்தது.

இரண்டாம் படி: காகிதங்கள்

இதை வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மட்டும் இங்கே. நிலமும் கட்டடமும் ஒரே பெயரில் இருக்கின்றனவா? அடமானம், வழக்கு, வரி பாக்கி என்று என்னென்ன வில்லங்கம் இருக்கிறது? பழைய ஒப்பந்தக்காரருக்குப் பாக்கி உண்டா, அந்தப் பாக்கிக்காக அவர் கட்டடத்தின் மீது உரிமை கோர முடியுமா? அது குடியிருப்பாகத் திட்டமிடப்பட்டிருந்தால் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் யாராவது உண்டா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. சேமிப்பையெல்லாம் அதில் போட்ட குடும்பங்கள் இருந்தால், திறப்பு விழா நாளில் அவர்கள் வாசலில் நிற்பார்கள். நிற்பதில் நியாயமும் இருக்கும்.

அடுத்து அனுமதி. கட்டட அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. நின்ற கட்டடத்தில் பெரும்பாலும் அது காலாவதியாகியிருக்கும். புதுப்பிக்கும்போது பழைய விதி செல்லுமா, இன்றைய விதிக்கு உட்பட வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நடுவில் தீ, நிலநடுக்கம், வாகன நிறுத்தம் தொடர்பான விதிகள் கடுமையாகியிருக்கலாம். குடியிருப்பையோ அலுவலகத்தையோ ஹோட்டலாக்குவது பயன்பாட்டு மாற்றம். அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். பழைய கட்டடக் கலைஞரின் வரைபடங்களைப் பயன்படுத்தும் உரிமையும் தானாக உங்களுக்கு வந்துவிடாது. அவரைத் தேடிப் பிடித்துப் பேசிவிடுங்கள். அவர் மனம் வைத்தால் பல மாதங்கள் மிச்சமாகும்.

மூன்றாம் படி: கட்டடத்துக்கு முழு உடல் பரிசோதனை

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. “வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். இந்த வகை வேலையில் பழகிய கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நீங்களே நியமியுங்கள். விற்பவர் தரும் அறிக்கையைப் படிக்கலாம், நம்ப வேண்டாம்.

காங்கிரீட் கம்பியை எப்படிக் காப்பாற்றுகிறது என்று தெரிந்துகொண்டால் சோதனைகள் புரியும். புதுக் காங்கிரீட்டின் காரத்தன்மை மிக அதிகம். பிஎச் அளவு 12.5க்கும் மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் உருவாகி, துரு அண்டாது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் காங்கிரீட்டுக்குள் ஊடுருவி அந்தக் காரத்தை முறிக்கிறது. பூச்சும் வண்ணமும் இல்லாமல் நிற்கும் கூட்டில் இதைத் தடுக்க எதுவும் இல்லை. காரம் முறிந்த பகுதி கம்பியைத் தொட்டால், ஈரமும் சேர்ந்தால், துரு தொடங்கும். துருவுக்கு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் வேண்டும். அதனால்தான் காங்கிரீட் உள்ளிருந்து வெடித்து உதிர்கிறது.

இதைப் பார்க்கும் சோதனை மிக எளியது. தூணின் மூலையை உளியால் கொஞ்சம் உடைத்து, தூசியை ஊதிவிட்டு, உடைந்த பரப்பில் பினாஃப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். ஓரிரு நொடியில் உட்புறம் ரோஜா நிறமாகச் சிவக்கும். அங்கே காரம் உயிரோடு இருக்கிறது. வெளி விளிம்பில் நிறமே மாறாத சாம்பல் பட்டை ஒன்று மிஞ்சும். அந்தப் பட்டையின் அகலத்தை அளவுகோலால் அளந்து, கம்பி எத்தனை மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது என்பதோடு ஒப்பிட வேண்டும். பட்டை 10 மில்லிமீட்டர், கம்பி 30 மில்லிமீட்டர் ஆழம் என்றால் மூச்சு விடலாம். ஊடுருவும் ஆழம் ஏறக்குறையக் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 4 ஆண்டுகளில் 5 மில்லிமீட்டர் போயிருந்தால் 10 மில்லிமீட்டரைத் தொட 16 ஆண்டுகள் ஆகும். பட்டை கம்பியைத் தாண்டியிருந்தால் பழுதுபார்ப்புச் செலவு வேறு கணக்கு. முதன்முதலில் இதைக் கட்டடத்தின் உரிமையாளரோடு நின்று பார்த்தபோது, சிவப்பு வரவர அவர் முகமும் மலர்ந்தது. வடமேற்கு மூலைத் தூணில் தெளித்தோம், சிவக்கவே இல்லை. மழைநீர் ஒழுகிக்கொண்டிருந்த மூலை அது. ஒரே கட்டடத்தில் ஒரு தூண் நலமாகவும் பத்தடி தள்ளி இன்னொன்று நோயாகவும் இருக்கும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். மாதிரிகளை வசதியான இடத்தில் எடுக்காதீர்கள். ஈரமான இடம், வெயில் படாத இடம், லிஃப்ட் குழி, மொட்டை மாடியின் ஓரம் ஆகிய இடங்களில் எடுக்கச் சொல்லுங்கள்.

வலிமைக்கு, காங்கிரீட்டில் உருளை வடிவ மாதிரிகளைத் துளைத்தெடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். மூன்று மாதிரிகளின் சராசரி வடிவமைத்த வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். மீயொலியைக் காங்கிரீட்டுக்குள் செலுத்தி வேகம் பார்க்கும் சோதனையும் உண்டு. நொடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் என்றால் நல்லது, 3க்குக் கீழே என்றால் சந்தேகம். சுத்தியல் போன்ற கருவியால் தட்டிப் பார்க்கும் சோதனை விரைவானது, மலிவானது. அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஓர் எச்சரிக்கை: போஸ்ட் டென்ஷன் முறையில் போட்ட தளமாக இருந்தால், உள்ளே இழுத்துக் கட்டிய கம்பிவடம் எங்கே ஓடுகிறது என்று கருவியால் பார்க்காமல் ஒரு துளைகூடப் போடக் கூடாது. வடம் அறுந்தால் உயிருக்கே ஆபத்து.

வெளியே நீண்டிருக்கும் கம்பிகளைப் பற்றி எல்லோரும் கவலைப்படுவார்கள். மேலோட்டமான துரு பெரிய விஷயமில்லை, தேய்த்தால் போய்விடும். தேய்த்த பிறகு விட்டத்தை அளந்து பாருங்கள். 16 மில்லிமீட்டர் கம்பி 14 ஆகியிருந்தால் இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் குறுக்குப் பரப்பில் கால் பங்குக்குச் சற்றே குறைவாகக் காணாமல் போயிருக்கிறது. அத்தகைய இடத்தில் பழைய கம்பியோடு சமாதானம் ஆகாமல், துளையிட்டு எபாக்சி என்ற ஒட்டுப்பசையில் புதுக் கம்பி நடச் சொல்வதே நல்லது.

அடித்தளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் உடனே பம்பு வைத்து இறைத்துவிடத் தோன்றும். பொறியாளரைக் கேட்காமல் இறைக்காதீர்கள். பாதிக் கட்டிய கட்டடம் திட்டமிட்ட எடையை எட்டவில்லை. நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீரைக் காலி செய்தால், அடித்தளத்தைப் படகுபோல மேல்நோக்கித் தள்ளும் விசை அதிகமாகிவிடும்.

நான்காம் படி: விலை பேசுவதற்கு முன் கணக்கு

பழைய உரிமையாளர் அதில் எவ்வளவு கொட்டினார் என்பது உங்கள் கணக்கில் வரவே கூடாது. நிலத்தின் மதிப்பை எழுதுங்கள். அதோடு, இதே கூட்டை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவைக் கூட்டி, பழுதுபார்ப்பு, பாக்கிகள், உங்கள் திட்டத்துக்காக உடைத்து மாற்ற வேண்டியவை மூன்றையும் கழியுங்கள். சில கட்டடங்களில் இந்தக் கழித்தல் முடியும்போது கூட்டின் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அப்படியானால் நீங்கள் வாங்குவது காலி மனையும் அதன் மேல் ஒரு இடிப்புச் செலவும்.

வருமானப் பக்கத்தில், ஹோட்டல்காரர்கள் வாயில் புழங்கும் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: ஓர் அறைக்கு ஆன மொத்தச் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்காவது ஓர் இரவின் சராசரி வாடகையாக வர வேண்டும். நாணயம் எதுவானாலும், அறைக்கு 50 லட்சம் போட்டால் இரவுக்கு 5,000. அந்த வாடகை உங்கள் தெருவில் கிடைக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். துல்லியமான கணக்கு இல்லை இது. கனவைக் காகிதத்தில் இறக்குவதற்கு உதவும். 30 அறைகள், ஆண்டு முழுவதும் சராசரி 65 சதவீதம் நிரம்பும் என்றால் விற்பது சுமார் 7,100 இரவுகள். இணைய முன்பதிவுத் தளங்கள் வழியாக வரும் அறைகளில் 15 முதல் 25 சதவீதம் கமிஷனாகப் போய்விடும். திரை, மெத்தை, கம்பளம் மாற்றுவதற்கென்று வருமானத்தில் 4 சதவீதம் ஒதுக்குவது இந்தத் தொழிலின் வழக்கம். முதலாண்டிலேயே 65 சதவீதம் நிரம்பும் என்று யாராவது தாள் நீட்டினால், அந்தத் தாளை மடித்து வையுங்கள்.

எதிர்பாராச் செலவுக்குப் புதுக் கட்டடத்தில் பத்து சதவீதம் வைப்பவர், நின்ற கட்டடத்தில் இருபதுக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. திறந்தபின் முதல் ஆறு மாதமாவது நஷ்டத்தில் ஓட்டுவதற்கான பணம் தனி. முன்னவர் இந்த இடத்தில்தான் விழுந்தார் என்பதை நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: அறைகளின் எண்ணிக்கையைத் தூண்கள் சொல்லட்டும்

புதியவர்கள் முதலில் “நாற்பது அறை வேண்டும்” என்று முடிவுசெய்துவிட்டு அதைக் கட்டடத்துக்குள் திணிக்கிறார்கள். நேர் எதிராகச் செய்யுங்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் 8 மீட்டர் இருந்தால், சுவர்க் கனம் போக இரண்டு நல்ல அறைகள் கிடைக்கும். 6 மீட்டர் இருந்தால் சங்கடம். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 2.8 மீட்டர் அகலம்தான். பக்கச் சுவரில் தலைமாட்டை வைத்தால் கட்டிலின் நீளமே 2 மீட்டர், மீதி 80 சென்டிமீட்டரில் மேசையும் நடைவழியும் அடங்காது. கட்டிலை ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போடலாம், அல்லது தூண்களுக்கு நடுவிலுள்ள ஒரு கட்டத்தை ஒரே பெரிய அறையாக விட்டு அதற்கேற்ற வாடகை கேட்கலாம். நான் இரண்டாவதையே விரும்புவேன். சின்ன ஹோட்டலில் பத்து நெருக்கடியான அறைகளைவிட ஆறு தாராளமான அறைகள் பெயர் வாங்கித் தரும்.

அறைகளைவிடப் பிடிவாதமானவை குளியலறைகள். கழிவுக் குழாய் நேர் கீழே இறங்க வேண்டும். மேல் மாடிக் குளியலறைக்குக் கீழே குளியலறையே வருவதுபோல அமைத்தால்தான் நிம்மதி. குழாய் படுக்கைவாட்டில் ஓடினால் மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் சரிவு வேண்டும். 6 மீட்டர் ஓடினால் 12 சென்டிமீட்டர் வரை இறங்கும். குழாயின் தடிமன், வளைவுகள், கீழே பொய்க்கூரை எல்லாம் சேர்ந்தால் அறையின் உயரம் ஒரு சாண் குறையும். குடியிருப்புக்காகத் தாழ்வாகப் போட்ட தளங்களில் அந்த ஒரு சாணுக்கு இடமே இருக்காது. குழாய்க்காக உத்தரத்தைத் துளைக்கலாம் என்று யாராவது சொன்னால், பொறியாளரின் கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

மொட்டை மாடி நீச்சல்குளம் ஆசை எல்லோருக்கும் வருகிறது. 1.2 மீட்டர் ஆழத் தண்ணீர் ஒரு சதுர மீட்டரில் 1,200 கிலோ. படுக்கையறைத் தளத்தை வடிவமைக்கும்போது ஆட்களுக்கும் சாமான்களுக்குமாக எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. ஆறு மடங்கு. தூண்களையும் அடித்தளத்தையும் பலப்படுத்தினால் முடியும், ஆனால் அந்தச் செலவில் தரைமட்டத்தில் தோட்டத்தோடு சேர்த்துக் குளம் வெட்டிவிடலாம். இதே கணக்கு விருந்து மண்டபத்துக்கும், புத்தகங்கள் அடுக்கிய நூலக அறைக்கும் உண்டு.

முதல் வரைபடத்தில் எப்போதும் காணாமல் போவது பின்கட்டு: சலவை, துணி அடுக்கும் அறை, ஊழியர் உடை மாற்றும் இடம், குப்பை, சரக்கு இறக்கும் வழி, மின் அறை, தண்ணீர்த் தொட்டி. விருந்தினர் லிஃப்டில் அழுக்குத் துணி இறங்கக் கூடாது. ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று ஜோடித் துணி வேண்டும் என்பது கணக்கு: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். அந்த மூன்றாவது ஜோடி எங்கே இருக்கும் என்று உங்கள் கட்டடக் கலைஞரைக் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் வரைபடம் இன்னும் முடியவில்லை.

ஆறாம் படி: தீயும் தண்ணீரும்

ஹோட்டலில் இருப்பவர்கள் தூங்குகிறார்கள், கட்டடத்தின் வழி தெரியாதவர்கள். விதிகள் கடுமையாக இருப்பதற்கு அதுதான் காரணம். 1980இல் லாஸ் வேகாஸ் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் தரைத்தள உணவகத்தில் பிடித்த தீ 85 உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தீயை நேரில் கண்டவர்களே இல்லை. படிக்கட்டு, லிஃப்ட் குழி, காற்றுக் குழாய் வழியாக மேல் மாடிகளுக்கு ஏறிய புகைதான் அவர்களைக் கொன்றது. நின்ற கட்டடங்களில் தளத்துக்குத் தளம் இப்படிப்பட்ட திறந்த ஓட்டைகள் ஏராளம். குழாய் போகும் ஒவ்வொரு துளையையும் தீ தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும். அறைக் கதவுகள் தானாக மூடிக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கொன்று விலகிய இரண்டு படிக்கட்டுகள் இல்லாத கட்டடமாக இருந்தால், இரண்டாவது எங்கே வரும் என்று தெரியும்வரை விலை பேசாதீர்கள். படிக்கட்டு பல அறைகளை விழுங்கும்.

தண்ணீர் விஷயம் இதைவிட அமைதியானது. 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவிய மர்மக் காய்ச்சலிலிருந்துதான், நுரையீரலைத் தாக்கும் லெஜியனேர்ஸ் என்ற கிருமி நோய்க்குப் பெயரே வந்தது. அந்தக் கிருமி 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீரில் பெருகும். எனவே பழைய திட்டத்தில் போட்டு முனை மூடிய குழாய்கள் எதையும் புதுத் திட்டத்தோடு இணைக்காதீர்கள், பிடுங்கி எறியுங்கள். வெந்நீரை 60 டிகிரியில் சேமிக்க வேண்டும், குழாய் முனையில் சுடாதபடி குளிர்நீர் கலக்கும் வால்வு வைக்க வேண்டும். ஆளில்லாத அறைகளிலும் வாரம் ஒரு முறையாவது குழாய்களைத் திறந்து ஓட விட வேண்டும்.

ஏழாம் படி: வேலையின் வரிசை

வாங்கியதும் அலங்காரம் பேசத் தொடங்குபவர்கள்தான் அதிகம். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். மொட்டை மாடி, திறந்த தளங்கள், லிஃப்ட் குழி ஆகியவற்றில் மழை இறங்காமல் தற்காலிகமாகவாவது மூடுங்கள். திட்டம் வரைய ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதமும் கட்டடம் நனைந்தால் சோதனை அறிக்கை பழசாகிவிடும். பிறகு செடிகொடிகளை வேரோடு அகற்றல், குப்பை அள்ளல், ஒவ்வொரு மாடியையும் புதிதாக அளந்து வரைதல். பழைய வரைபடத்தை நம்பி ஜன்னலுக்கு ஆர்டர் கொடுத்து, ஒவ்வொன்றிலும் நான்கு சென்டிமீட்டர் இடிக்கும்படி வந்து இறங்கிய லாரியை நான் பார்த்திருக்கிறேன். அதன்பின் கட்டமைப்புப் பழுது, மீதித் தளங்கள், கூரை, ஜன்னல். கட்டடம் மழைக்கு மூடிய பிறகுதான் மின்வேலையும் மரவேலையும் உள்ளே வர வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பழைய காங்கிரீட்டுக்குப் புது ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்க மாட்டார். அது நியாயம்தான். ஆனால் பின்னால் விரிசல் விட்டால் எல்லாப் பழியும் முன்னவர் தலையில் விழும். தொடங்கும் முன்பே ஒவ்வொரு தூணையும் எண்ணிட்டுப் படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: ஒரே ஓர் அறையை முழுசாக முடியுங்கள்

எல்லா அறைகளுக்கும் பொருள் வாங்கும் முன், ஓர் அறையை விளக்கு, மெத்தை, திரை, துண்டு மாட்டும் கொக்கி வரை முடித்துவிடுங்கள். முடிந்தால் பக்கத்து அறையையும் சுவர் அளவுக்காவது எழுப்புங்கள், ஒலியைச் சோதிப்பதற்கு. பூட்டிக் ஹோட்டலின் விமர்சனங்களில் அழகைப் பாராட்டிய அடுத்த வரியே “பக்கத்து அறையில் இருமுவது கேட்டது” என்று இருக்கும். பெரும்பாலும் குற்றவாளி சுவர் இல்லை. இரண்டு அறைகளின் மின் பெட்டிகளையும் முதுகோடு முதுகு ஒட்டி வைத்திருப்பார்கள், அல்லது சுவர் பொய்க்கூரையோடு நின்றுவிட்டிருக்கும். மேல் தளத்தைத் தொட்டிருக்காது. கதவுக்கடியில் விரல் நுழையும் இடைவெளியும் அதே வேலையைச் செய்யும்.

ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்து பழகிய பெண்மணி ஒருவரை அந்த மாதிரி அறைக்குக் கூட்டிவந்து, வழக்கமாக ஆகும் நேரத்துக்குள் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு ஓரமாக நின்று பாருங்கள். கட்டிலுக்கடியில் அவர் கை எட்டவில்லை, கண்ணாடித் தடுப்பைத் துடைக்கக் குளியல் தொட்டிக்குள் ஏற வேண்டியிருக்கிறது, துடைப்பான் வண்டி கதவில் இடிக்கிறது என்றெல்லாம் தெரியவரும். அரை மணி நேரத்தில் அவர் காட்டிக்கொடுக்கும் குறைகளை எந்த வடிவமைப்பாளரும் கண்டுபிடித்ததில்லை. திருத்திய பிறகு மற்ற அறைகளுக்கு ஆர்டர் கொடுங்கள்.

கடைசிப் படி: திறப்பு

மேலாளரைத் திறப்புக்கு ஆறு மாதம் முன்பே நியமியுங்கள். சமையலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு கருத்து இருக்கும், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். தீயணைப்பு, லிஃப்ட், பயன்பாட்டுச் சான்றிதழ்கள் கைக்கு வராமல் முன்பதிவைத் திறக்காதீர்கள். முதல் மூன்று வாரம் பாதி அறைகளை மட்டும் விற்று, தெரிந்தவர்களைத் தங்கவைத்து, குறைகளை எழுதச் சொல்லுங்கள். தெரிந்தவர்கள் மனம் நோகக் கூடாதென்று மென்மையாகத்தான் எழுதுவார்கள்.

ஆகவே நீங்களே தங்குங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் பெரிய அறையில் வேண்டாம். லிஃப்ட் குழிக்கு ஒட்டினாற்போல ஒன்று இருக்குமே, தூண் நடுவில் துருத்திக்கொண்டிருப்பது, யாரும் கேட்காதது, அதில். எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் வெந்நீரைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு, உங்கள் குழாயடியில் கையை நீட்டி எத்தனை நொடியில் சூடு வருகிறது என்று எண்ணுங்கள். விளக்கை அணைத்தபின் எங்கே சிவப்புப் பொட்டு மினுக்குகிறது, லிஃப்ட் எத்தனை மணிக்கு ஓய்கிறது, மேல் அறைக் கழிவுநீர் இறங்கும் சத்தம் தலைமாட்டில் கேட்கிறதா என்பதையெல்லாம் ஒரு தாளில் குறித்துவையுங்கள். காலையில் அந்தத் தாளை ஒப்பந்தக்காரரிடம் கொடுங்கள், கடைசித் தவணையை அதன் பிறகு.